கைத்தறியும் பிழை, விசைத்தறியும் பிழை

வெம்பாக்கத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் மாமாவுக்காக நேற்றுச் சாயந்திரம் ஓர் இணையப் படிவத்தோடு மல்லுக்கட்டினேன். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் கூடவே வேறு சில வார்த்தைகளும் வந்துவிடும். நான் எழுத நினைத்தது, 'கடைசிப் பெயர்' கேட்கும் கட்டத்தில் இனிஷியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

'கைபேசி எண் அல்லது மின்னஞ்சல்' என்று எழுதிவிட்டு இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம் வைத்திருந்தார்கள். பொறுத்துக்கொண்டேன். மாமாவுக்கு மின்னஞ்சல் கிடையாது, என்னுடையதைக் கொடுத்தேன். அடுத்தது தறி வகை. கைத்தறி என்று போட்டேன். 'சரியான வகையை உள்ளிடவும்' என்று சிவப்பில் வந்தது. விசைத்தறி என்று போட்டாலும் அதே சிவப்பு. பொறுக்காமல் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். வகை கைத்தறி அல்ல, அல்லது விசைத்தறி அல்ல என்றால் பிழை காட்டு என்று இருந்தது.

கைத்தறி என்றால் அது விசைத்தறி அல்ல, பிழை. விசைத்தறி என்றால் அது கைத்தறி அல்ல, பிழை. புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு நெய்யும் தறியானாலும் பிழை, காஞ்சிபுரத்துத் தறியானாலும் பிழை. திருவள்ளுவர் நெசவாளர் என்பார்கள். அவரே வந்து வரிசையில் நின்றாலும் பிழை. காந்தி ராட்டையோடு வந்தால் அது இரண்டுமே அல்ல, டபுள் பிழை. ஆட்டுக்குட்டி என்றும் தட்டிப் பார்த்தேன். பிழைதான், ஆனால் நியாயமான பிழை. ஒரே தறி ஒரே நேரத்தில் கைத்தறியாகவும் விசைத்தறியாகவும் இருந்தால் மட்டும் உள்ளே விடும். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-ல் தனிச் சட்டமே போட்ட நாடு இது. அப்படி ஒரு தறி கிடைத்தால் அமலாக்க அதிகாரிதான் முதலில் வந்து நிற்பார்.

மாமாவிடம் சொன்னேன். புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "ரெண்டுமே இல்லன்னாதானப்பா தப்புன்னு சொல்லணும்?" என்றார்.

இதையே விதியாக எழுதிப் பெயர் வாங்கியவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806-ல் பிறந்தது நம்ம மதுரையில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தார். பிள்ளையைக் கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 'இதுவோ அதுவோ' என்பதை மறுத்தால் 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்றாகும். அவர் விதியில் பாதி அவ்வளவுதான். அவரும் ஜார்ஜ் பூலும் 1847-ல் ஆளுக்கொரு தர்க்க நூல் வெளியிட்டார்கள். இத்தனையையும் மதுரை உட்பட மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஃபார்ம் போச்சா, இல்லியா?" என்றார்.

அவர் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்கின. ஓட்டை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஓர் ஓட்டை தப்பாக விழுந்தால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் பூ அதே இடத்தில் கெடும். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். படிவம் எழுதிய புண்ணியவானிடம் யார் பிடிப்பது?

இதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. 'அஅஅஅ' என்று தட்டியிருப்பார்கள். சிவப்பு வந்திருக்கும். வேலை முடிந்தது என்று டீக்கடைக்குப் போயிருப்பார்கள். தப்பானதைத் தடுக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். சரியானதை விடுகிறதா என்று பார்க்க ஒரு நாதியில்லை.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, படிவத்தை ஊருக்குள் விடுமுன் ஒழுங்கான பதில் ஒன்றைப் போட்டு நீங்களே அனுப்பிப் பாருங்கள். போகவில்லையென்றால் அந்த 'அல்லது'வைத் தூக்கிவிட்டு 'மற்றும்' போடுங்கள். தயவுசெய்து கடைசித் தேதிக்கு முன்னாலேயே போடுங்கள்.