பகீரதன் எத்தனையாவது ஆள்?

கேள்வி: ‘பகீரதப் பிரயத்தனம் செய்துதான் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தேன்’ என்கிறார் என் மாமனார். யார் அந்தப் பகீரதன்? ரேஷன் கார்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அயோத்தி மன்னன் சகரன் அசுவமேத யாகம் நடத்தியபோது குதிரையைக் காணோம். தேடிப்போன அவன் பிள்ளைகள் 60,000 பேரும், பாதாளத்தில் கபில முனிவர் பக்கத்தில் அது மேய்வதைப் பார்த்துவிட்டு அவரையே திருடன் என்றார்கள். முனிவர் கண் திறந்தார். அத்தனை பேரும் சாம்பல். அவர்கள் கரையேற வேண்டுமானால் ஆகாய கங்கை இறங்கி வந்து அந்தச் சாம்பலை நனைக்க வேண்டும். சகரனின் பேரன் அம்சுமான் தவமிருந்தே மாண்டான். அவன் மகன் திலீபன் வழி தெரியாமலே போய்ச் சேர்ந்தான். அடுத்து வந்தவன்தான் பகீரதன். பிரம்மாவை நோக்கித் தவமிருந்தான், அவர் சம்மதித்தார். ஆனால் கங்கையின் வேகத்தைச் சிவனால்தான் தாங்க முடியும். அதற்கொரு தவம். அவரோ சடையில் வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். மறுபடியும் தவம். ஒருவழியாக இறங்கி வந்த ஆற்றை, யாகசாலைக்குள் புகுந்துவிட்டதென்று ஜன்னு முனிவர் மொத்தமாகக் குடித்துவிட்டார். தேவர்கள் கெஞ்சிய பிறகு காது வழியாக விட்டார். மாமனார் எத்தனை மேசை ஏறி இறங்கினார் என்று கேட்டுப் பாருங்கள், சம்பந்தம் புரியும்.

கேள்வி: பகீரதனுக்கு முன் முயன்றவர்களும் உண்டே! ‘அம்சுமான் பிரயத்தனம்’ என்று ஏன் சொல்வதில்லை?

பதில்: தண்ணீர் வந்த பிறகுதானே குழாயில் பெயர் எழுதுவார்கள்? தெலங்கானாவில் 2016இல் வீடுதோறும் குடிநீர் தரத் தொடங்கிய திட்டத்துக்கும் ‘மிஷன் பகீரதா’ என்றுதான் பெயர். இமயத்தில் கோமுகத்தில் புறப்படும் ஆறு பாகீரதி. தேவப்பிரயாகையில் அளகநந்தாவோடு கலந்த பிறகே அது கங்கை. வங்காளத்திலும் ஒரு பாகீரதி உண்டு. அதில் நீர் குறைந்து, வண்டல் சேர்ந்து கல்கத்தா துறைமுகம் தவித்தது. பராக்காவில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, 1975 முதல் கங்கை நீரைத் திருப்பிவிடுகிறார்கள். பகீரதன் பெயரைத் தாங்கிய ஆற்றுக்கே பகீரதப் பிரயத்தனம்!

கேள்வி: மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, பகீரதனா?

பதில்: அறிஞர்களே இரண்டு கட்சி. எதிரே சிவன் நிற்கிறார், அவர் பாசுபத அஸ்திரம் தர வந்தவர் என்பது அர்ச்சுனன் கட்சி. நடுவே உள்ள பிளவையும் அதில் நீந்தி ஏறும் நாகர்களையும் காட்டுவது பகீரதன் கட்சி. என் ஓட்டு பிளவுக்கு. அர்ச்சுனன் கதையில் ஆற்றுக்கு என்ன வேலை? கீழே ஒரு பூனையும் கைதூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அதன் நோக்கம் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கேள்வி: 16 முறை தோற்று 17ஆவது முறை ஜெயித்த கஜினி முகமதுதானே விடாமுயற்சிக்கு உதாரணம்?

பதில்: 16 முறை தோற்றவருக்கு 17ஆவது படைக்குச் சம்பளம் யார் கொடுத்தது? 1000க்கும் 1027க்கும் இடையே வந்தவர் பெரும்பாலும் வென்றார், வாரிக்கொண்டு போனார். கிடைத்ததால்தான் திரும்பத் திரும்ப வந்தார். பெயரும் மகமூது. அரியர் வைத்த யாரோ ஒருவர் ஆறுதலுக்காகக் கிளப்பிவிட்ட கதை போலிருக்கிறது.

கேள்வி: விடாமுயற்சி, விடாப்பிடி. என்ன வித்தியாசம்?

பதில்: ‘விடாத’ என்பது கடைசி எழுத்தை விட்டு ‘விடா’ ஆனது, இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டிலும் அதேதான். பின்னால் வல்லினம் வந்தால் அந்த எழுத்து மிகும், ‘விடாப்பிடி’யில் ‘ப்’ வந்தது அப்படித்தான். மற்றபடி, சம்பள உயர்வு கேட்டு நீங்கள் பத்து முறை போனால் விடாமுயற்சி. உங்களிடம் கடனைக் கேட்டு ஒருவர் பத்து முறை வந்தால் விடாப்பிடி.

கேள்வி: வேதாளத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கிவந்த விக்கிரமாதித்தனை விட்டுவிட்டீர்களே?

பதில்: மூலக் கதைகள் 25. ஒவ்வொரு கேள்விக்கும் அரசர் சரியான பதில் சொன்னார், வேதாளம் மரமேறியது. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாயை மூடிக்கொண்டார், ஜெயித்தார். கேள்வி-பதில் எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை.