ஒரு கை பிடிங்க: வாளையார் எல்லையில் ஆள் கூப்பிடும் முறை பற்றிய ஓர் ஆய்வு

முனைவர் பட்டத்துக்குத் தகுதியான பொருள்கள் நாட்டில் பல கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றில் தலையாயது, உதவிக்கு ஆள் கூப்பிடுவது.

கள ஆய்வுக்கு வாளையாரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கேதான் மாநிலம் மாறுகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்படும் வரை லாரிகள் இங்கே நீள வரிசையில் காத்துக் கிடந்தன. தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர். தூக்குவதற்குச் சரக்கும் உண்டு, கூப்பிடுவதற்கு ஆளும் உண்டு. ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆய்வின் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆள் கூப்பிடுகிறவர் எவரும் வேலையில் பாதிக்கு மேல் வெளியே சொல்வதில்லை. மீதிப் பாதி, வந்தவர் கை வைத்த பிறகுதான் தெரியவரும்.

சுமையின் எடைக்கு ஏற்ப மரியாதை ஏறுவது துணைக் கண்டுபிடிப்பு. காலி சிலிண்டரை நகர்த்த "தம்பி, இங்க வா" போதும். அரிசி மூட்டைக்கு "அண்ணா, ஒரு கை பிடிங்க". எதிரே நிற்பவர் மலையாளி என்றால் "சேட்டா, ஒந்நு பிடிக்குமோ". ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுப் பையனை "அண்ணா" என்று விளிக்கிறார் என்றால், மாடியில் இரும்பு பீரோ இருக்கிறது என்று அறிக.

பீரோவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் ஒருவர், தலைப்பக்கம் ஒருவர். மூன்றாமவர் கண்ணாடி மேல் உள்ளங்கையை ஒட்டவைத்துக்கொண்டு கூடவே இறங்குவார். ஒரு கிலோ எடைகூட அவர் கையில் ஏறாது. ஆனால் "லெஃப்ட்ல வாங்க, லெஃப்ட்ல" என்பது அவர் குரல்தான். படி திரும்பும் இடத்தில் பீரோ வசமாக மாட்டிக்கொண்டு, கீழே இருப்பவரின் முகம் சிவக்கும் நேரம் பார்த்து, உள்ளே துணிமணி இன்னும் எடுக்கவில்லை என்ற தகவலை வீட்டுக்காரர் வெளியிடுவார்.

வாசலில் நின்று பார்ப்பவர்களையும் ஆய்வு விட்டுவிட முடியாது. எல்லைக்குக் கிழக்கே வேடிக்கை பார்ப்பது இலவசம், யோசனையும் இலவசம். மேற்கே நிலைமை வேறாக இருந்தது. சுமைத் தொழிலாளர்களுக்கென்றே 1978இல் சட்டம் இயற்றிய மாநிலம் கேரளம். கூலியும் பாதுகாப்பும் கிடைக்க வந்த நல்ல சட்டம். அதன் நிழலில் முளைத்தது நோக்குக் கூலி. உங்கள் சாமானை நீங்களே இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கூலி. கேரள அரசு 2018இல் அதை ஒழிப்பதாக அறிவித்தது. அதற்குத் தேர்ந்த நாள் மே 1. தொழிலாளர் தினத்தில் ஒழிக்கப்பட்ட தொழில் என்ற வகையில் இது ஆய்வுக்குரியது. நம் பக்கத்தில் காலங்காலமாகச் சம்பளமே இல்லாமல் வேடிக்கை பார்த்து வந்த கோடிக்கணக்கானோரின் இழப்பை யாரும் கணக்கிடவில்லை.

வரலாற்றுச் சான்றுக்கு வருவோம். வேலையையும் கூலியையும் மறைக்காமல் சொல்லி ஆள் பிடித்த முதலாளி, திருவிளையாடலில் வரும் வந்திக் கிழவி. வைகைக் கரை அடைக்க வேண்டும். உதிர்ந்த பிட்டுதான் கூலி. அன்றைக்குப் பார்த்துப் பிட்டெல்லாம் உதிர்ந்தது. வந்த ஆள் தின்றுவிட்டுத் தூங்கினார். அவருக்கு விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும் விழுந்தது. இந்த அனுபவத்துக்குப் பிறகு முதலாளிகள் யாரும் உண்மை பேசத் துணியவில்லை என்பது என் ஊகம்.

தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணிகள் நிச்சயமாகத் துணியவில்லை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கைக்கு ஆள் பிடித்தார்கள் என்பது மலையகத்தில் இன்றும் வழங்கும் பேச்சு. மூணாற்று மலைகளை ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சார் அரசரிடம் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அங்கு எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணி வழியாகவே தமிழர்கள் ஏறினார்கள். வேலையைப் பாதியாகச் சொன்னவர்கள் முன்பணத்தை மட்டும் முழுதாகக் கணக்கெழுதினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டு நின்றால் அது தண்டனைக்குரிய குற்றம். இலங்கையில் தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டுத் தோட்டம் விட்டுத் தோட்டம் கூடவே போனது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். இந்த இடத்தில் ஆய்வாளனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இடுக்கி எல்லையில் பாதியை மட்டும் சொல்லி ஆள் கூப்பிடும் முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. விடியுமுன் கம்பம், போடி பக்கத்து ஊர்களில் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. கையில் தூக்குவாளி, தலையில் துணிக்கட்டு. "இன்னும் ஒரு ஆளுதான், கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்பார் டிரைவர். அந்த ஒரு ஆளை ஏற்றிய பிறகும் இன்னொரு ஒரு ஆள் அடுத்த நிறுத்தத்தில் நிற்பார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்வதை யாரும் அந்த இருட்டில் படித்துக்கொண்டிருப்பதில்லை. மலைப்பாதை வளைவுகள் மட்டும் எண்ணிக்கையை மறப்பதில்லை; அந்தச் சாலைகளில் ஜீப் கவிழ்ந்த செய்தி தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது "கொஞ்சம் வாங்க, சின்ன வேலைதான்" என்றால் தட்டாமல் போங்கள். நாளை நமக்கும் ஆள் வேண்டும். ஆனால் செருப்பை மாட்டுவதற்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, பீரோவில் துணி இருக்கிறதா.