செம்முடியோர் சினம் உறையும் இடம்: ஓர் ஆய்வு

ஈண்டுச் செம்முடி எனப்படுவது பிறப்பிலேயே செந்நிறம் பெற்ற தலைமுடியாகும். எண்ணெய் காணாமல் வெயிலில் வெளுத்த செம்பட்டையும், நரையை மறைக்கப் பூசிய மருதாணியும் இவ்விலக்கணத்துள் அடங்கா. உலக மக்களுள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரே இப்பேறு பெற்றோர். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அவ்விழுக்காடு பெரிதும் மிகும். பதினாறாம் குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் என்னும் மரபணுவே இதற்கு முதற்காரணம் என்பது 1995-இல் வெளிப்பட்டது. அதன் சில மாற்றுருவங்களைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற உடலில், கருமை தரும் யூமெலனின் குறைந்து, செம்மை தரும் ஃபியோமெலனின் மிகுகிறது. இவையெல்லாம் தெளிவாக விளங்குவன ஆதலின் ஆய்வுக்குரியன அல்ல.

செம்முடியோரைப் பழிப்போர் அவர்களை நால்வகைப்படுத்துவர்: துரோகிகள், ஆன்மா இல்லாதோர், அழிந்துவருவோர், சினத்தார். முதல் வகைக்குச் சான்று, ஐரோப்பிய ஓவியர் பலர் யூதாசுக்குச் செம்முடி தீட்டியமை. விவிலியம் அவன் முடியைப் பற்றி வாய்திறக்கவில்லை ஆதலின், ஓவியரிடம் அவ்வண்ணம் இருந்தது என்பதற்கு அப்பால் அச்சான்று செல்லாது. இரண்டாவது, 2005-இல் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரொன்று கேலியாகச் சொன்னதை மெய்யெனக் கொண்டோர் கூற்று. மூன்றாவது, ஒடுங்கு மரபணு தலைமுறைகள் மறைந்து நிற்குமேயன்றி அதனால் அழிந்துவிடாது என்பதை அறியாதார் கூற்று.

நான்காவதே அறிஞர்க்கு உரியது. சினம் செம்முடியில் உறைகிறது என்பது உடன்பாடாயின், அது முடியின் எப்பகுதியில் உறைகிறது என்னும் வினா எழும். நுனியில் எனின், முடி திருத்துந்தோறும் சினம் தணிதல் வேண்டும். அமைதிப் பேச்சுக்கு முன் பகைநாட்டுக்கு நாவிதரை அனுப்பிய அரசு எதுவும் வரலாற்றில் காணப்படவில்லை. தண்டில் எனின், மயிர்க்காலை விட்டு வெளிவந்த முடி உயிரற்ற கெரட்டின் ஆதலின், செத்த பொருள் கோபங்கொள்ளும் என்னும் பேய்க்கொள்கை வந்து புகும். வேரில் எனின், இளமையில் செம்முடியராயிருந்து பின்னர் வழுக்கையரான வின்ஸ்டன் சர்ச்சில் சாந்தமூர்த்தி ஆகியிருக்க வேண்டும்; ஆயின் 1940 ஜூனில், கீழே பணிபுரிவோரிடம் அவர் கடுமை காட்டுவதைக் குறித்து மனைவி கிளமென்டைன் கடிதம் எழுதியே எடுத்துரைக்க நேர்ந்தது. முடி உதிர்ந்தபோது சினம் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தது என்பாரை, போன இடம் யாது என்று கடாவின் விடையில்லை. இனி, இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் முதுமையில் செந்நிறப் பொய்ம்முடி அணிந்தார். அவர் சினம் சொந்தமா, பொய்ம்முடியோடு வந்ததா, பின்னதாயின் அம்முடியை விற்றவர் சினமற்றுப் போயினரா என்பன மூன்று முனைவர் பட்டங்களுக்குப் போதுமானவை.

அற்றேல், எல். எம். மான்ட்கோமரி 1908-இல் வெளியிட்ட நாவலில், செம்முடிச் சிறுமி ஆன், கில்பர்ட்டின் தலையில் சிலேட்டை உடைத்தது என்னை எனின், அவன் அவளைக் 'காரட்' என்று கூப்பிட்டதனால் என்க. நாள்தோறும் சீண்டிவிட்டு, எதிர்த்தால் அதையே பிறவிக்குணத்துக்குச் சான்றாக்குவதைத் தருக்க நூலார் அந்நியோந்நியாச்சிரயம், அதாவது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் குற்றம், என்பர். அதே சிலேட்டைக் கருங்கூந்தல் சிறுமி உடைத்திருந்தால், கருமையின் குணம் பற்றி ஒருவரும் நூல் எழுதியிரார். அடிபட்ட பையன் என்ன சொன்னான் என்றுதான் கேட்டிருப்பர்.

செம்முடியை வியப்போரும் உளர். வெனிஸ் ஓவியர் டிசியன் தீட்டிய செம்பொற்கூந்தல் மகளிர் ஐந்நூறு ஆண்டுகளாகக் கண்களைக் கட்டிவைத்துள்ளனர். 2005-இல் நெதர்லாந்து ஓவியர் ஒருவர் செம்முடிப் பெண்கள் 15 பேர் தேவை என விளம்பரம் செய்ய, 150 பேர் முன்வந்தனர்; அதிலிருந்து வளர்ந்த ஆண்டுவிழாவில், 2013-இல் பிரெடா நகரில் 1,672 பேர் ஒரே புகைப்படத்துக்காகக் கூடி உலகச் சாதனை படைத்தனர். அத்தனை அழகைக் கண்டும் குணத்தை ஆராய முற்படுவோர் கண்ணுக்குரிய மருத்துவரை நாடுதல் நன்று.

ஆய்வுமுறைக்கு முன்னோடியும் ஒரு செம்முடியரே. ஆர்தர் கோனன் டாயில் 1891-இல் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் கதையொன்றில், முடியின் நிறத்தையே தகுதியாகக் காட்டி வேலைபெறும் அடகுக்கடைக்காரர் ஜாபெஸ் வில்சன், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தை எட்டு வாரம் கையால் படியெடுத்தும் முதல் எழுத்தைக் கடக்கவில்லை. தம் கடைக்கு அடியிலிருந்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டப்படுவதையும் அறியவில்லை. அவர் முறையை இன்றைய ஆய்வாளர் பலர் வழுவாது பின்பற்றுகின்றனர்; ஆயினும் வில்சன் வாரம் 4 பவுன் கூலியோடு அமைந்தாரேயன்றி, அதற்குப் பட்டம் கேட்டாரில்லை.