படகிலே குடித்தனம்

கேள்வி: லண்டன் கால்வாய்களில் படகையே வீடாக்கிக் குடியிருக்கிறார்களாமே, நம் பக்கிங்ஹாம் கால்வாயில் முடியுமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: ஓரளவு நடந்ததுதான். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னாளில் வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் வரை நீண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகில் நாட்கணக்கில் பயணம். உலை கொதித்ததும் படுக்கை விரித்ததும் அதிலேயே. காற்றடித்தால் பாய் இழுக்கும். காற்று ஓய்ந்தால் படகோட்டி கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார். அன்றைய எஞ்சின் அவர் முதுகுதான்! பலகை இடுக்கில் நீர் கசிந்தால் நார் திணித்து அடைப்பார்கள். இப்போது முதலில் அடைக்கவேண்டியது படகின் ஓட்டையை அல்ல, கால்வாயில் திறந்துவிட்டிருக்கும் சாக்கடைக் குழாய்களை. அடையுங்கள், குடிவர நானே தயார்!