வான்கோழியும் பழநியாண்டவரும்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். குளிர் வந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய சுக்குப்பொடியில்தான் என் மூக்கு ஓடாமல் இருக்கிறது.

போன வாரம் அண்ணன் வீட்டில் தேங்க்ஸ்கிவிங். நவம்பர் நாலாவது வியாழன் என்று 1941-லேயே சட்டம் போட்டுவிட்டதால், நம்மூர் மாதிரி பஞ்சாங்கத் தகராறு கிடையாது. வீட்டுக்கு வீடு வான்கோழி வேகும். வெள்ளை மாளிகையில் மட்டும் ஜனாதிபதி அதற்குப் பொதுமன்னிப்பு வழங்குவார். என்ன குற்றத்துக்கு என்று கேட்டுவிடாதே.

எங்களுக்கு வாய்த்தது மன்னிப்புக் கிடைக்காத ஜாதி. 14 பவுண்டு. உறைபனி விடவே மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்தது. அண்ணியின் அம்மாதான் இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு அரைத்துத் தோலுக்கடியில் கைவிட்டுத் தடவினார். அண்ணன் தெர்மாமீட்டரைக் குத்திக் குத்தி 165 டிகிரி வந்துவிட்டதா என்று பார்த்தான். "செத்ததுக்கு என்ன மாப்பிள்ளை ஜுரம்?" என்றார் அத்தை.

சாப்பிடுமுன் ஆளுக்கொரு நன்றி சொல்வது இங்கத்து வழக்கம். அண்ணன் வீட்டுக்கடன் வட்டி குறைந்ததற்குச் சொன்னான். அண்ணி பதவி உயர்வுக்கு. பெரியவன் வைஃபைக்கு. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர் பெயர் யார் வாயிலும் வரவில்லை. கடைசியில் அவர் முறை.

"பழநியாண்டவனுக்கு நன்றி. ஜனவரி முதல் வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலேர்ந்து நடக்கப்போறேன். கார்த்திகை பொறந்ததுலேர்ந்து விரதம். எனக்கு அந்த உருளைக்கிழங்கு மட்டும் வைங்க."

வெட்டப்போன கத்தி அண்ணன் கையிலேயே நின்றுவிட்டது. ஆகஸ்டில் வந்தவருக்கு ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்க ஐ-539 மனுவெல்லாம் தயார். பாசம்தான் காரணம், கைக்குழந்தையை டேகேரில் விட்டால் ஒரு சம்பளம் அப்படியே போய்விடும் என்பதும் கொஞ்சம் காரணம்.

"150 கிலோமீட்டருக்கு மேல அத்தை! முட்டிவலி என்னாச்சு?"

"பாப்பாவை வண்டியில வச்சு தினம் பார்க்கைச் சுத்திச் சுத்தி வந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

டிக்கெட் போட்டுக்கொடுத்தது எதிர்வீட்டுக் குஜராத்திப் பாட்டியாம். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஜன்னல் சீட், சைவச் சாப்பாடு, வீல்சேர் எதுவும் விட்டுப்போகவில்லை. பழநிவரை நடக்கிறவருக்கு நுவார்க் ஏர்போர்ட்டில் நடக்க முடியாதாம்!

வான்கோழி ஆறிப்போய், மறுநாள் கொத்துக்கறியாகித் தோசைக்குப் போனது. அதுதான் நன்றாக இருந்தது.

ஒரு விஷயம். அண்ணி இப்போதெல்லாம், "உங்கம்மா ரசம் மாதிரி வராது" என்று அடிக்கடி சொல்கிறாள். நேற்று அண்ணன் உன் பாஸ்போர்ட் எந்த வருஷம் முடிகிறது என்று என்னிடம் விசாரித்தான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாய் என்பதை அதற்குள் முடிவுபண்ணி வைத்துக்கொள்.

உன் அன்பு மகன்