ஹெரால்டுக்காரர்

தெருவுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாது. ஊருக்கு நாலைந்து பேராவது தேறுவார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். எவ்வளவு வெள்ளையாகச் சட்டை போட்டாலும் முழங்கைப் பக்கம் ஒரு கிரீஸ் தடம் இருந்தே தீரும். பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் செருகியிருக்கும். "எப்படி இருக்கீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டால், "பிரேக்தான் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது" என்பார். நீங்கள் விசாரித்தது அவரையா வண்டியையா என்ற ஐயம் அவருக்கு எழுவதே இல்லை.

வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசிடர் வைத்திருப்பவர்களை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. "அது கல்கத்தா வண்டி சார். பத்மினி பம்பாய் வண்டி. இதுதான் நம்ம மெட்ராஸ் வண்டி. வண்டலூர்ல பொறந்தது" என்பார். அதே மூச்சில், இதை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் என்றும், 1959-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது என்றும் சொல்வார். இத்தாலிய மூளையும் ஆங்கிலேய ரத்தமும் உள்ள வண்டி எப்படி மெட்ராஸ் வண்டியாகும் என்று கேட்டுவிடாதீர்கள். "நாலு கதவு வெச்ச ஹெரால்டு உலகத்துலயே நம்ம ஊர்ல மட்டும்தான்" என்பார். அது உண்மைதான். அவர் சொல்லும் புள்ளிவிவரங்கள் எல்லாமே உண்மையாக இருப்பதுதான் கேட்பவர்களின் துயரம். தப்பு ஒன்று கிடைத்தால் எழுந்து போக ஒரு சாக்காவது ஆகும்.

மற்றவர்களுக்குத் தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுதோறும் வருகிறது. நம்மவருக்குத் திருவிழா ஐந்து ஆண்டுக்கு ஒன்றுதான். பதினைந்து வயதைக் கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்து ஆண்டுக்கொரு முறை, தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புதுப்பித்தல் என்று அதற்குப் பெயர். அவர் வாயில் அது எஃப்.சி. தான். பதிவு முடிவதற்கு 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்தால் போதும் என்கிறது விதி. நம்மவர் ஆறு மாதம் முன்பே படுத்துவிடுகிறார், வண்டிக்கு அடியில்.

கட்டணம் ஏறியதைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் 600 ரூபாய் 5,000 ஆனது. 2025-இல் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். "மூத்த குடிமக்களுக்கு ரயில்ல இருந்த சலுகையை எடுத்தாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப வயசானதுக்கே அபராதம் போடறாங்க" என்பார். இந்த இடத்திலும் யாருடைய வயதைச் சொல்கிறார் என்பதைத் தெளிவுபடுத்த மாட்டார்.

அவருடைய மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்பார்கள். பாயும் ஓய்வு பெற்றுவிட்டவர்தான். நம்மவர் ஒருவருக்காகத்தான் இன்னும் ஸ்பானர் பெட்டியைப் பேரனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார். எஃப்.சி. ஆண்டில் இருவரும் வண்டியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்டூல் தேவையே இல்லை. ஹெரால்டின் பானட் இரண்டு பக்கமும் கொக்கி கழற்றி, மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்தமாக முன்பக்கம் சாய்வது. முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைக் குடையலாம்.

"பாய், ஸ்டியரிங் ஆடுது."

"ஆடாம என்ன சார் செய்யும்? எஞ்சின் ஆயில் ஒழுகுது. ஒழுகற ஆயில் கீழ ஸ்டியரிங் ராக்கைப் பிடிச்சிருக்கிற ரப்பர்ல விழுது. ரப்பர் ஊறி இளகிடுது. ரப்பர் போனா ராக் ஆடும். ராக் ஆடுனா ஸ்டியரிங் ஆடும்."

"அப்ப ஆயில் ஒழுகலை நிறுத்து."

"ஒழுகறது நின்னா உள்ள ஆயில் தீந்துபோச்சுன்னு அர்த்தம் சார்."

இந்த உரையாடல் ஐந்து ஆண்டுக்கொரு முறை, ஒரு சொல் பிசகாமல் நடக்கும். இருவரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள்.

அடுத்து ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை, மரை போட்ட ஒரு வெண்கலத் துண்டுக்குள் இறங்கித் திரும்புகிறது. அந்த மரைக்கு 90 ஆயில் விட வேண்டும். சோம்பேறி எவனாவது கிரீஸ் அடித்தால் அது உள்ளே சரியாக இறங்காது, தண்ணீர் புகும், தண்டு அரித்துப்போகும், ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது முறிந்து, சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இதை நம்மவர் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார் என்றால், பால்காரருக்குத் தெரியும், அர்ச்சகருக்குத் தெரியும், பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாருக்கும் தெரியும். அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்கு அவர் வண்டியில் போக மறுத்து ஆட்டோ பிடித்தார்கள்.

வண்டியின் பின்னழகு தனி. குறுக்கே ஒரே ஒரு பட்டா ஸ்பிரிங். அது தளர்ந்தால் பின்சக்கரங்கள் இரண்டும் கால் பரப்பி நிற்கும். கை பிரேக், சமதரையில் மட்டும் பிடிக்கும். அங்கே அது தேவையில்லை. சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கை நனைக்கும். இடது பக்கம் இழுப்பது அதனால்தான். சேஸிஸில் துரு, துருவின் மேல் டிங்கர் வேலை, அதன் மேல் பட்டி, பட்டியின் மேல் பெயிண்ட். இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும். "எர்த் சரியில்ல" என்பார் பாய். எந்த மின்கோளாறுக்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் வழி வண்டியின் உடம்புதான், உடம்பெல்லாம் துரு.

புகைச் சான்றிதழுக்குத் தனிச் சடங்கு. பழைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்புரேட்டர் திருகைப் பாய் கால் சுற்று உள்ளே விடுவார். வண்டி மூச்சு வாங்கிக்கொண்டே சான்றிதழ் வாங்கும். வாசலைத் தாண்டியதும் கால் சுற்று வெளியே.

இதையெல்லாம் பார்த்த பேரன் ஒருநாள் கேட்டான்: "தாத்தா, இது நம்பி ஓட்டக்கூடிய வண்டியா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கப்பன் வண்டியில டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட் எரியுது. என்ன கோளாறுன்னு அவனுக்குத் தெரியாது, கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரைச் சொருகிப் பாத்தாத்தான் தெரியும். அதுவும் ஒவ்வொரு தடவையும் புதுப் புதுக் கோளாறு. என் வண்டியில என்னிக்காவது புதுக் கோளாறு வந்திருக்கா? போன எஃப்.சி.க்கு வந்த அதே கோளாறு, அதே வரிசையில, அதே பக்கம். இதைவிட நம்பிக்கையா எது இருக்க முடியும்?"

பேரன் யோசித்துப் பார்த்தான். பதில் இல்லை.

சோதனைக்கு முந்தின நாள் புதுப்பேட்டைக்கு ஒரு யாத்திரை. கிடைக்காத உதிரிப்பாகத்தைத் தேடிப் போய், கிடைக்காததை உறுதிசெய்துகொண்டு, வேறெந்த வண்டியினுடையதோ ஒன்றை வாங்கிவந்து லேத் பட்டறையில் கடைந்து மாட்டுவது வழக்கம். இரவு, இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றிப் பிரசங்கம். "1960-லயே இந்த மாதிரிச் சோதனையைக் கொண்டுவந்தவன் அவன். அவனே 2018-ல, 40 வயசு தாண்டின பழைய வண்டிக்குச் சோதனை வேண்டாம்னு விட்டுட்டான், பெருசா எதையும் மாத்தாம இருந்தாப் போதும்னு. பொறந்த வீட்டுல இதுக்கு அந்த மரியாதை."

"அப்போ இங்கயும் வேண்டாம்னு எழுதிப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு?" என்றார் திடுக்கிட்டு.

பிரேக் இன்ஸ்பெக்டர் இந்த முறை இளம் பெண். இந்த வண்டியை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. பானட் திறக்கும் லீவரை டேஷ்போர்டுக்குக் கீழே தேடினார். நம்மவர் இதற்காகவே ஐந்து ஆண்டு காத்திருந்தவர். இரண்டு கொக்கிகளையும் கழற்றி, வண்டியின் முன்பாதியையே தூக்கிச் சாய்த்தார். வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "மேடம், 948 சிசி. திரும்பற வட்டம் 25 அடி. முட்டுச்சந்துல விட்டாக்கூடத் திரும்பி வந்துடும்" என்று தொடங்கினார்.

"சேஸிஸ் நம்பர் எங்க சார்?"

அங்கேதான் சிக்கல். பென்சிலால் தடவிக் காகிதத்தில் எடுக்க வேண்டிய எண், அவர் அன்போடு பூசிய பெயிண்டுக்கு அடியில் புதைந்திருந்தது. பாய் உப்புத்தாளோடு குனிந்தார். பச்சை, கிரீம், நீலம், மறுபடியும் கிரீம் என்று குடும்ப வரலாறு அடுக்கடுக்காக உரிந்து கடைசியில் எண் தெரிந்தது.

பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர். மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் போடச் சொன்னார். வண்டி நின்றது, கொஞ்சம் இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனாலும் நின்றது. சீட் பெல்ட் இல்லையே என்றார் இன்ஸ்பெக்டர். பெல்ட் கட்டாயமாவதற்கு முன்பே பிறந்த வண்டி என்று விளக்கினார் நம்மவர். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் நம்மவர்.

"அவ்வளவுதான் சார். பாஸ்."

"அடியில பாக்கலையே மேடம். ட்ரன்னியன் பாக்கணும். 90 ஆயில் விட்டிருக்கேன். ராக் ரப்பர் புதுசு. ஜாக்கி கொண்டுவந்திருக்கேன்…"

"பின்னாடி பதினேழு வண்டி நிக்குது சார்."

வீட்டுக்குத் தோற்றவர் மாதிரிதான் வந்து சேர்ந்தார். ஆறு மாத உழைப்பை ஒருவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டால், ஒரு கோளாறும் இல்லையாம். அவருடைய வாழ்க்கையில் இப்படியோர் அவமானத்தை அந்த வண்டி அவருக்குத் தேடித்தந்ததில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மனைவிதான் ஆறுதலாகப் பேச்சை மாற்றினாள். பேரன் செல்போனில் எடுத்துக் கொடுத்த விதியை வாசித்தாள்: 2021-இல் வந்தது, 50 வயது கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாம், பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும்.

"வேண்டவே வேண்டாம்" என்று சீறினார். "விண்டேஜ்னு எழுதிட்டா அன்றாடம் ரோட்டுல ஓட்டக்கூடாதுன்னு போட்டிருக்கான். என் வண்டியைக் கூண்டுல அடைக்கவா?"

"முழுசாக் கேளுங்க. கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம்னு போட்டிருக்கு."

"அதுக்கு மட்டும்தானே?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்" என்றாள் அவள், கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டே. "வேற எதுக்கு என்னிக்குங்க அது வெளிய போயிருக்கு?"