மரம் கவிழ்க்கப் போற பேரனுக்கு

வாய்யா, உட்காரு. பினாங்குல பெரிய கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்காமே! உங்க ஆயா சொல்லி பண்டார் பாரு பூரா தெரிஞ்சாச்சு. ஆத்துக்கு அந்தாண்ட பாரிட் புந்தாருக்கும் இந்நேரம் சேதி போயிருக்கும்.

நானும் நேர்முகம் கண்டவன்தான். தோட்டத்துல கங்காணி ஒரு ரப்பர் மரத்தைக் காட்டி, "வெட்டு"ன்னார். கட்டையில காயம் படாம பட்டையைச் சீவினேன், பால் இறங்குச்சு. மறுநாள் விடியறதுக்கு முன்னால ஆள் கூப்பிடற பெரட்டுல என் பேர் இருந்துச்சு. உனக்கு அப்படி இல்லையாம். மரத்தை இடம் வலம் மாத்திக் கவிழ்க்கணுமாம், அதுவும் பலகையில! கம்ப்யூட்டர்ல டேட்டாவை அடுக்குற பைனரி மரம்னு உன் தங்கச்சி சொன்னா.

மேக்ஸ் ஹோவெல்னு ஒருத்தர், ஹோம்ப்ரூன்னு ஒரு மென்பொருளை எழுதினவர். கூகுள்காரங்களே அதை வச்சு வேலை பார்த்தாங்களாம். ஆனா மரம் கவிழ்க்கத் தெரியலைன்னு தன்னை அனுப்பிட்டாங்கன்னு 2015-ல அவரே புலம்பினார். அதனால வேலை கத்துக்கிட்டு நேரத்தை வீணாக்காதே சாமி. கவிழ்க்கப் பழகு.

லீட்கோட்னு இணையத்துல இருக்கிற நேர்முகக் கணக்கையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டியாமே. கெட்டிக்காரன். ஆனா தெரிஞ்ச கணக்கு வந்ததும் விடையைக் கொட்டிடாதே. நெத்தியைச் சுருக்கு. "டேட்டா எவ்வளவு வரும்? காலியா வந்தா என்ன பண்ணணும்?"னு கேளு. முதல்ல ஒரு மட்டமான வழியைச் சொல்லி, அது மெதுவா ஓடும்னு நீயே குறை சொல்லு. பொறவு திடீர்னு பொறி தட்டினாப்ல நல்ல வழிக்கு வா. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனும் அப்படி நடிச்சு நுழைஞ்சவன்தான். கண்டுபிடிச்சாலும் ரசிப்பான்.

அடுத்து, "கூட வேலை பார்த்தவரோட பிணக்கு வந்ததா?"ம்பான். இல்லவே இல்லைன்னா நம்ப மாட்டான், அடிச்சேன்னாலும் வேலை கிடைக்காது. கருத்து வேற்றுமை வந்துச்சு, கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கிட்டார்னு சொல்லு. அங்க மட்டும் "நாங்க செஞ்சோம்" வேண்டாம், "நான் செஞ்சேன்"னு நெஞ்சை நிமிர்த்து. பெருமை பேசக் கூடாதுன்னு உன்னை வளர்த்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்களை மறந்துடு.

வேலை கிடைச்சா தினம் காலையில நின்னுக்கிட்டே ஒரு கூட்டமாம். நேத்து என்ன முடிச்சே, இன்னிக்கு என்ன செய்யப் போறேன்னு கேட்பாங்களாம். அடப்பாவி, அது பெரட்டு! என்ன, எங்களுக்கு இருட்டுல, உனக்கு ஏர்கோன்ல.

கையில கடிதம் வந்ததும் காருக்கு முன்பணம் கட்டிடாதே. 2023 ஜனவரியில கூகுள் 12,000 பேரைக் குறைக்கிறோம்னுச்சு. அமெரிக்காவுல ஈமெயில் பார்த்துத்தான் பல பேருக்கு வேலை போன சங்கதியே தெரிஞ்சுதாம். எங்க தொரை பொல்லாதவர்தான், ஆனா ஆளை நேர்ல நிறுத்தித்தான் திட்டுவார்.

நேர்முகத்துக்குப் பினாங்கு போறப்ப, ரெண்டாவது பாலத்துல மோட்டார் போகும். நம்ம கெடா பழைய சுல்தான் பேர் வச்ச பாலம், அதுலயே போ. ஆமா, அந்தக் கம்பெனியில சாப்பாடு சும்மாவாமே. பொட்டலம் கட்டிக் கொண்டார விடுவாங்களா?